தம்பியின் தொடையிடுக்கில் டேசர் வைத்தார்கள்: ஒரு அக்காவின் கடிதம்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. பைபோலார் என்ற மனநோய்க்கு நான்கு வருடமாக மருந்து எடுத்து வந்தான். இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டது எங்களுக்குத் தெரியாது. போன வாரம் மூன்று நாள் தூங்காமல், நள்ளிரவில் வீட்டுச் சாமான்களை எல்லாம் வாசலில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தான். பயந்துபோய் 911 என்ற அவசர எண்ணைக் கூப்பிட்டேன். வந்த போலீஸார் அவனைக் கீழே தள்ளிக் கைவிலங்கு மாட்டினார்கள். அப்புறமும் காலை உதறுகிறான் என்று ஒரு போலீஸ்காரர் டேசர் என்ற கரண்ட் ஷாக் கருவியைத் தொடையிடுக்கில் வைத்து இரண்டு தடவை அழுத்தினார். 'ஒன்றும் ஆகாது, ஐந்து நொடியில் போய்விடும்' என்று என்னிடம் சொன்னார். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். பைஜாமாவில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் அங்கே காயம் இருப்பதே தெரிந்தது. காட்டமாட்டேன் என்கிறான். 'ஊர்ல ஸ்டேஷன்ல கரண்ட் வைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், இங்கேயுமா?' என்று அம்மா அழுகிறார். நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது பிரச்சினை ஆகுமா? இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? கைதை எதிர்த்ததாக வழக்கும் போட்டிருக்கிறார்கள். அடுத்த தடவை நான் யாரைத்தான் கூப்பிடுவது?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு வாசகி, அமெரிக்கா)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தம்பியின் உடம்பைப் பார்ப்போம். சட்டமும் நியாயமும் நாலு நாள் காத்திருக்கும், காயம் காத்திருக்காது. நான் இருபது வருடத்துக்கு மேலாக அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டேசர் பட்டவர்கள் எங்களிடம்தான் வருவார்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டேசரிலிருந்து கம்பி பறந்துவந்து குத்தவில்லை, கருவியையே உடம்பில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அப்படியானால் ஏறக்குறைய ஒன்றரை அங்குல இடைவெளியில் இரண்டிரண்டாகச் சின்னச் சுட்ட புள்ளிகள் இருக்கும். அவர் காலை உதறியதில் அது தேய்ந்து தோல் உரிந்து கசிந்திருக்கலாம். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் இடம் தொடையிடுக்கு. வேர்வையும் உராய்வும் உள்ள இடம், சீழ் பிடிக்கும். சுற்றிலும் சிவந்து சூடாகப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே காட்டவேண்டும்.

விதைப்பை வீங்கியிருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் வலி அதிகமா, சிறுநீரில் ரத்தம் தெரிகிறதா என்று கேளுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் எடுக்கவேண்டும். கீழே தள்ளி முழங்காலால் அழுத்தும்போது விரையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது. விரைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனால் காப்பாற்ற ஆறு மணி நேரம்தான் அவகாசம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிறுநீர் கோக்கோகோலா நிறத்தில் போகிறதா என்பதும் முக்கியம். மூன்று நாள் தூங்காமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், போலீஸோடு மல்லுக்கட்டி, அதன்மேல் ஷாக்கும் வாங்கியவருக்குத் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்த்தார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் தேடுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருந்தால் இது இரட்டிப்பாகத் தேவை, ஏனென்றால் லித்தியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகிறது.

குழந்தை பற்றிக் கேட்டீர்கள். தொடையில் வைத்து அழுத்தும்போது கரண்ட் அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே, தோலிலும் அதற்குச் சற்று கீழேயும்தான் ஓடும். விதைப்பையில் வீக்கமோ காயமோ இல்லையென்றால், கல்யாணத்தை நினைத்துப் பயப்பட மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் மனம் ஆறவில்லை என்றால் மூன்று மாதம் கழித்து ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஒரு விந்தணு உருவாகி வர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், அதனால் இப்போதே செய்வதில் பலனில்லை.

சரி, அந்தப் போலீஸ்காரர் 'ஒன்றும் ஆகாது' என்றாரே, அதற்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது.

டேசருக்கு 50,000 வோல்ட் என்று எல்லோரும் பயத்தோடு சொல்வார்கள். அது காற்றிலும் துணியிலும் உள்ள இடைவெளியைத் தாண்டுவதற்கான வோல்ட். பல வருடம் பெரும்பாலான போலீஸாரிடம் இருந்த எக்ஸ்26 மாடலில் உடம்பில் விழுவது 1,200 வோல்ட் அளவுதான், கரண்டும் மிகக் குறைவு. பனிக்காலத்தில் கம்பளத்தில் நடந்து கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதே, அதுவே பல ஆயிரம் வோல்ட்.

இந்தக் கருவிக்கு உண்மையான பலம் அதன் தாளத்தில் இருக்கிறது. நொடிக்கு 19 துடிப்பு, ஒரு தடவை அழுத்தினால் ஐந்து நொடி. நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தில் இரண்டு சின்ன முட்கள் கம்பியோடு பறந்துபோய், முதுகில் ஒன்று தொடையில் ஒன்று என்று தள்ளித் தள்ளிக் குத்தும். நடுவில் உள்ள தசை முழுக்க இறுகிவிடும், ஆள் வெட்டிய மரம்போல விழுவார். வலியை எவ்வளவு தாங்குகிறவராக இருந்தாலும் அந்த ஐந்து நொடிக்குக் கை கால் அவர் சொன்னபடி கேட்காது. கத்தியோடு பாய்ந்து வருகிறவரைச் சுடாமல் நிறுத்த இது உதவியிருக்கிறது. அப்படி உயிர் பிழைத்தவர்களுக்கு நானே தையல் போட்டிருக்கிறேன். 2009இல் வெளிவந்த வில்லியம் போஸ்மன் குழுவின் ஆய்வு டேசர் பட்ட 1,201 பேரைப் பார்த்தது. 99.75 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை, அல்லது லேசான காயம்தான். பலத்த காயம் மூன்று பேருக்கு, அதில் இருவருக்கு விழுந்ததால் தலையில் அடி. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

ஆனால் உங்கள் தம்பிக்கு நடந்தது வேறு. கருவியை நேராக உடம்பில் வைத்து அழுத்தும்போது இரண்டு முனைகளும் ஒன்றரை அங்குலத்துக்குள் இருக்கின்றன. அவ்வளவு சின்ன இடைவெளியில் தசைக்கூட்டம் இறுகாது, ஆள் செயலிழக்கமாட்டார், வலிக்கும். அவ்வளவுதான். போலீஸ் பாடத்திலும் இதை 'வலியால் பணிய வைத்தல்' என்றுதான் சொல்கிறார்கள். இங்கே இடத்தைத் தேர்ந்தெடுப்பது முழுக்க ஒரே ஒரு கணக்கில்தான்: எங்கே அதிகம் வலிக்கும்? தொடையிடுக்கிலும் கழுத்திலும் நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன. அங்கே வைப்பதால் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை, வலிதான் கூடுகிறது.

வலியால் ஒருவரைப் பணிய வைக்கவேண்டும் என்றால், 'நான் அசையாமல் இருந்தால் வலி நிற்கும்' என்ற கணக்கு அவர் மண்டையில் ஓடவேண்டும். மேனியா என்ற மனக்கொந்தளிப்பின் உச்சத்தில் இருக்கிறவருக்கு அந்தக் கணக்கு ஓடாது. நன்றாக இருக்கிற நமக்கே, சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால் யோசிக்கும் முன்பே கை தானாக இழுத்துக்கொள்ளும். தொடையிடுக்கில் ஷாக் வைத்தால் கால் தானாக உதறும், இடுப்பு தானாகத் துள்ளும். அந்த உதறலை 'இன்னும் எதிர்க்கிறான்' என்று எழுதிக்கொண்டு இரண்டாவது தடவை அழுத்துகிறார்கள். உங்கள் தம்பிமேல் போட்டிருக்கிற வழக்கில் 'எதிர்த்தார்' என்று எழுதியிருப்பதில் எவ்வளவு முதல் ஷாக்குக்கு முன்னால் நடந்தது, எவ்வளவு பின்னால் நடந்தது என்று வக்கீல் கேட்கவேண்டும்.

வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் 2011இல் நடந்த ரொனால்ட் ஆம்ஸ்ட்ராங் வழக்கை இதற்காகவே சொல்கிறேன். அவருக்கும் பைபோலார், கூடவே ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய். ஐந்து நாளாக மருந்து எடுக்கவில்லை. அக்கறையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனது அவருடைய சகோதரிதான். அங்கிருந்து வெளியே வந்தவர் ரோட்டோர ஸ்டாப் பலகைக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரையும் அடிக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் ஐந்து தடவை டேசரை உடம்பில் வைத்து அழுத்தினார்கள். அவர் பிடியை விடவில்லை, இன்னும் முரண்டுதான் பிடித்தார். பிறகு இழுத்துக் கீழே போட்டு விலங்கு மாட்டினார்கள், சிறிது நேரத்தில் இறந்துபோனார். 2016இல் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், உடனடி ஆபத்து இல்லாத இடத்தில் டேசர் வைத்தது அளவுக்கு மீறிய பலப்பிரயோகம் என்று தீர்ப்பு சொன்னது. அந்த அதிகாரிகள் மட்டும், சட்டம் அப்போது தெளிவாக இல்லை என்ற காரணத்தால் தப்பித்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் தம்பி வீட்டில் இருக்கிறார். நீங்கள் நியாயம் கேட்டால் அது புதுசாக யாரோ கிளப்புகிற கேள்வியாக இருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு வழக்கும் என் மனதை விட்டுப் போகாது. சியாட்டில், 2004. பள்ளிக்கூடப் பகுதியில் வேகமாக ஓட்டியதற்கு அபராதச் சீட்டு. கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் மலைக்கா புரூக்ஸ் என்ற பெண். ஏழு மாதக் கர்ப்பிணி, அதை அவர்களிடம் சொல்லியும் இருக்கிறார். போலீஸார் தங்களுக்குள் பேசிக்கொண்டது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது: வயிற்றில் வேண்டாம், தொடையில் வை. அப்புறம் தொடை, கை, கழுத்து என்று ஒரு நிமிடத்துக்குள் மூன்று தடவை. எங்கே வைக்கக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, வைக்கவே வேண்டுமா என்ற கேள்விதான் அங்கே எழவில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. 2011இல் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் இதை அளவுக்கு மீறியது என்றது, ஆனால் அங்கேயும் அதிகாரிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

விதிகள் என்ன சொல்கின்றன? 2011இல் போலீஸ் எக்ஸிகியூட்டிவ் ரிசர்ச் ஃபோரம் என்ற அமைப்பும் அமெரிக்க நீதித்துறையின் ஒரு பிரிவும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், தலை, கழுத்து, பிறப்புறுப்பு போன்ற இடங்களைத் தவிர்க்கவேண்டும் என்று இருக்கிறது. விலங்கு போட்டவர்மேல், அவர் தாக்குகிறார் அல்லது தீவிரமாக எதிர்க்கிறார் என்றால் ஒழிய, பயன்படுத்தக்கூடாது. ஒரு தடவை அழுத்திய பிறகு நிறுத்தி நிலைமையைப் பார்க்கவேண்டும். மொத்தம் 15 நொடிக்கு மேல் போனால் ஆபத்து கூடலாம். வலிக்காக உடம்பில் வைத்து அழுத்துவதையே அது ஊக்கப்படுத்தவில்லை. தயாரித்த கம்பெனியே 2009 அக்டோபரில் நெஞ்சைக் குறிவைக்காமல் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னது. அதன் எச்சரிக்கைப் பட்டியலில் முகம், தொண்டை, மார்பு, பிறப்புறுப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் இந்த வழிகாட்டுதல் சட்டமில்லை. ஒவ்வொரு போலீஸ் துறையும் தனக்கென்று ஒரு கொள்கை எழுதி வைத்திருக்கும். உங்கள் ஊர்த் துறையின் கொள்கையைக் கேட்டு வாங்குங்கள், பல ஊர்களில் இணையதளத்திலேயே இருக்கும்.

இந்த இடங்களை விலக்கியதற்குக் காரணம் என்ன என்பது எங்கள் பிரிவில் தெரியும். முள் அரை அங்குலம் வரை நீளம், நுனியில் தூண்டில்போல வளைவு. கண்ணில் பட்டுப் பார்வை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. ஒரு நாள் இரவு விதைப்பைத் தோலில் முள் ஏறிய ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். 'டாக்டர், சட்டென்று இழுத்துவிடுங்கள், ஜெயிலில் சேர்க்கவேண்டும்' என்றார். கையிலோ முதுகிலோ இருந்தால் தோலை இழுத்துப் பிடித்து ஒரே வெட்டாக எடுத்துவிடலாம். இங்கே முடியாது என்றேன். அல்ட்ராசவுண்ட் பார்த்து, விரைக்குள் ஏறவில்லை என்று உறுதி செய்து, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்தப் பையன் அவ்வளவு நேரமும் கூரையைப் பார்த்தபடியே இருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. வலி மருந்து போதுமா என்று நான் கேட்டபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று: இது ரிப்போர்ட்டில் எழுதுவீர்களா?

எழுதினேன். இடம், அளவு, எல்லாம்.

அம்மாவின் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். இங்கேயும் நடந்திருக்கிறது அம்மா. சிகாகோவில் ஜான் பர்ஜ் என்ற போலீஸ் தளபதியும் அவர் கீழ் இருந்தவர்களும் 1972 முதல் 1991 வரை நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சித்திரவதை செய்தார்கள், பெரும்பாலும் கறுப்பின ஆண்கள். கையால் சுழற்றுகிற மின்பெட்டியிலிருந்து கம்பி இழுத்துக் காதிலும் பிறப்புறுப்பிலும் மாட்டி வாக்குமூலம் வாங்கினார்கள். சித்திரவதைக்காக வழக்குப் போடக் காலக்கெடு தாண்டிவிட்டது. கடைசியில் பொய்ச் சத்தியம் செய்ததற்காகத்தான் 2010இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, 2011இல் நாலரை வருடச் சிறை விதித்தார்கள். 2015இல் சிகாகோ மாநகரம் மன்னிப்புக் கேட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு 55 லட்சம் டாலர் ஒதுக்கியது. அந்தக் கதை இன்று அங்கே பள்ளிப் பாடத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்த அதிகாரியை நான் பர்ஜோடு சேர்க்கமாட்டேன். பயத்திலும் அவசரத்திலும் செய்திருக்கலாம், டேசரை அந்த இடத்தில் வைக்க யாராவது கற்றுக்கொடுத்தும் இருக்கலாம். ஆனால் விலங்கு மாட்டித் தரையில் கிடக்கிற ஒருவருக்கு, செயலிழக்க வைக்காமல் வலியை மட்டும் கொடுக்கிற முறையில், அதிகம் வலிக்கிற இடமாகப் பார்த்துக் கரண்ட் வைத்தால் அது தண்டனைதான். தண்டனை கொடுக்கிற வேலை போலீஸுடையது இல்லை. இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

இப்போது செய்யவேண்டியது. நான் வக்கீல் இல்லை, ஆனால் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குப் போய்ப் போய் சிலது தெரியும். காயத்தின் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். அதைவிட முக்கியம், மருத்துவர் பார்த்து இரட்டைப் புள்ளி, எந்த இடம், எத்தனை ஜோடி என்று தன் குறிப்பில் எழுதுவது. பைஜாமாவைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். வழக்கு இருப்பதால், போலீஸ் துறையின் உள் விசாரணையில் தம்பியோ நீங்களோ வாய்மூலம் எதுவும் சொல்லும் முன் வக்கீலிடம் பேசுங்கள். நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு வரி அந்த வழக்கில் அவருக்கு எதிராக வரலாம். உடலில் அணிந்த கேமரா வீடியோவையும் டேசரின் பதிவையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி வக்கீல் மூலம் உடனே கடிதம் அனுப்புங்கள். ஒவ்வொரு அழுத்தலும் எத்தனை மணிக்கு, எத்தனை நொடி என்று அந்தக் கருவியே பதிவு செய்துகொள்கிறது. இரண்டு தடவையா மூன்று தடவையா, ஐந்து நொடியா அதற்கும் மேலா என்று யாரும் ஞாபகத்தை நம்பிச் சண்டை போடத் தேவையில்லை. பிரிட்டனில் முன்னாள் கால்பந்து வீரர் டாலியன் அட்கின்சன் 2016இல் இறந்த வழக்கில், விசையை விடாமல் 33 நொடி அழுத்தியது வெளிச்சத்துக்கு வந்தது. அழுத்திய காவலர் தலையில் உதைத்தும் இருந்தார். அந்தக் காவலருக்கு 2021இல் எட்டு வருடச் சிறை கிடைத்தது.

குடிமை உரிமை வழக்குக்கு 1983ஆம் பிரிவு என்று வக்கீல்கள் சொல்வார்கள். அதற்கு அவகாசம் உண்டு, ஆனால் உள்ளூர் நிர்வாகத்தின்மேல் நஷ்ட ஈடு கேட்க முன்னறிவிப்புக் கொடுக்கும் கெடு சில மாநிலங்களில் வெறும் 90 நாள். தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த தடவை யாரைக் கூப்பிடுவது என்று கேட்டீர்கள். கூப்பிட்டது உங்கள் தப்பில்லை. மூன்று நாள் தூங்காத தம்பியை வைத்துக்கொண்டு நடுராத்திரியில் வேறென்ன செய்திருப்பீர்கள்? 2022 ஜூலை முதல் 988 என்ற மனநல அவசர எண் இருக்கிறது. பெரும்பாலான அழைப்புகள் போலீஸ் இல்லாமலே முடிகின்றன, உயிராபத்து என்றால் மட்டும் அவர்களும் 911க்குத் தகவல் கொடுப்பார்கள். உங்கள் கவுண்டியில் வீட்டுக்கு வரும் மனநலக் குழு இருக்கிறதா, இரவிலும் வருவார்களா என்று இப்போதே, எல்லாம் அமைதியாக இருக்கும்போது விசாரித்து எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். 911ஐத்தான் கூப்பிட வேண்டிவந்தால், முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: 'இது மனநல அவசரம், என் தம்பிக்குப் பைபோலார், கையில் ஆயுதம் இல்லை, சி.ஐ.டி. பயிற்சி பெற்ற அதிகாரியை அனுப்புங்கள்.' நம் ஊர் துப்பறியும் சி.ஐ.டி. இல்லை இது, 'கிரைசிஸ் இன்டர்வென்ஷன் டீம்' என்பதன் சுருக்கம். நெருக்கடி நேரத்தில் பேசிப் பணியவைக்கும் பயிற்சி. 1987இல் மெம்பிஸில் மனநோய் கொண்ட ஓர் இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு, 1988இல் அங்கே ஆரம்பித்தது. எல்லா ஊரிலும் இல்லை, இருக்கிற ஊரில் கேட்டால்தான் அனுப்புவார்கள்.

கடைசியாக, காட்டமாட்டேன் என்கிற தம்பி. அவரிடம் 'எங்கே, காட்டு' என்று அக்காவும் அம்மாவும் கேட்டால் காட்டமாட்டார். நானாக இருந்தாலும் காட்டியிருக்கமாட்டேன். காயம் இருப்பது உங்களுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், கேள்வி கேட்கவேண்டாம். 'ஆண் டாக்டராகப் பார்த்து வாங்கியிருக்கேன், உள்ளே நீ மட்டும் போ' என்று சொல்லுங்கள். கிளினிக்கில் போன் செய்யும்போதே ஆண் மருத்துவர் வேண்டும், காயத்தைக் குறிப்பில் எழுதவேண்டும் என்று இரண்டையும் சொல்லி நேரம் வாங்குங்கள். நாளைக்கே கிடைத்தால் நல்லது. கார் ஓட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருங்கள்.